பெரியப்பா எழுதிய தோட்டத்து வலைப்பூ: வீட்டுக் கணினியில் முழுசாக இறக்கி வைக்க வழி சொல்லுங்கள்

லயன்பிள்ளை:

வணக்கம். நான் மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன், பழைய பத்தாங் பெர்ஜுந்தை. 2007ல் பெயரை மாற்றினார்கள், ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னமும் பழைய பெயர்தான் வாயில் வரும்.

என் பெரியப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு 2008ல் கூகுளின் பிளாக்ஸ்பாட்டில் ஒரு வலைப்பூ ஆரம்பித்து, கண் நன்றாகத் தெரிந்த வரைக்கும் எழுதினார். லயன் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள், விடியற்காலைப் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி வாத்தியார்கள், ஈயம் எடுக்கும் மிதவை இயந்திரமான ஈயக்கப்பல் தோண்டிப் போட்ட குளங்கள், 1917ல் நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை போட்ட கதை என்று மொத்தம் 214 பதிவுகள். படங்கள் நிறைய. ஒவ்வொரு வீடாகப் போய் பழைய ஆல்பத்தை வாங்கி வந்து ஸ்கேன் செய்து போட்டவை.

போன மாசியில் பெரியப்பா தவறிவிட்டார். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. எங்கள் லயனையும் உடைத்துவிட்டார்கள், அந்த இடம் இப்போது தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. ஆக அந்த வலைப்பூவை விட்டால் எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை.

நான் குரோமில் ஒவ்வொரு பதிவாகத் திறந்து, கன்ட்ரோல் எஸ் அழுத்தி, 40 பதிவுகள் சேமித்தேன். தீபாவளிக்கு அத்தை வீட்டில் காட்டலாம் என்று பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே இணையம் கிடையாது. முதல் பதிவைத் திறந்தால் எழுத்து மட்டும் இருக்கிறது, படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம். பாட்டி, பால் வெட்டும் உளியோடும் நெற்றி விளக்கோடும் லயன் வாசலில் நிற்கிற படம் அது. அத்தை தன் அம்மாவைப் பார்க்கத்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று, வலைப்பூவுக்கு முன்னாலேயே 2001 வாக்கில் ஓர் இலவச அகப்பக்கமும் வைத்திருந்தார். அதன் முகவரி அவர் குறிப்பேட்டில் கிடைத்தது. பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷினில் போட்டால் பக்கம் வருகிறது, ஆனால் தமிழ் இல்லை, ஏதோ பிரெஞ்சு எழுத்தும் கோடும் புள்ளியுமாகத் தெரிகிறது. அது கெட்டுப்போய்விட்டதா?

என்னிடம் இருப்பது விண்டோஸ் 10 போட்ட பழைய கணினி, ஹார்ட்டிஸ்கில் 300 ஜிபி காலி. இணையம் ஹேண்ட்போனிலிருந்துதான், அதனால் தேவையில்லாமல் இறக்கித் தீர்க்கவும் முடியாது. சரியான முறை எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மதர்போர்டு:

தம்பி, பெரியப்பா மறைவுக்கு என் அனுதாபம். நான் கோல சிலாங்கூரில் கணினி பழுது பார்க்கிறவன். அந்த வலைப்பூவை நானும் படித்திருக்கிறேன், ஆயாக்கொட்டகைப் பதிவில் எங்கள் அம்மா பெயர் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் படம் ஏன் வரவில்லை என்பது. கன்ட்ரோல் எஸ் அழுத்தும்போது "முழுப் பக்கம்" என்ற வகையில் சேமித்தால் இரண்டு பொருள் உருவாகும். ஒன்று எழுத்து உள்ள கோப்பு. மற்றது அதே பெயரில் பக்கத்திலேயே ஒரு கோப்புறை, படங்கள் அதற்குள்தான் இருக்கும். நீங்கள் பென்டிரைவுக்கு எழுத்துக் கோப்பை மட்டும் எடுத்துப் போயிருக்க வேண்டும், அல்லது கோப்புறையின் பெயரை மாற்றியிருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் போய்ப் பாருங்கள், பாட்டியின் படம் அந்தக் கோப்புறையில் அநேகமாக இருக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் சிங்கிள்ஃபைல் என்ற நீட்சியை, அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றுக்கும் இலவசம். பக்கத்தின் எழுத்து, படம், அலங்காரம் எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் திணித்துவிடும், எந்த உலாவியிலும் திறக்கும். குரோமிலேயே "ஒற்றைக் கோப்பு" என்று ஒரு வகை இருக்கிறது, அது வேறு வடிவம். அதை ஃபயர்ஃபாக்ஸ் திறக்காது, அதனால் பல வருடம் வைத்திருக்க நினைப்பதற்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சேமிக்கும் முன்னால் பக்கத்தை அடி வரைக்கும் மெதுவாக உருட்டுங்கள். இப்போதெல்லாம் பல பக்கங்களில் கண்ணுக்கு எதிரே வந்தால்தான் படம் இறங்கும், உருட்டாமல் சேமித்தால் கீழே உள்ளது வராது. பின்னூட்டங்களில் "மேலும்" என்று இருந்தால் அதையும் அழுத்தித் திறந்துவிட்டுச் சேமியுங்கள். பெரியப்பா பதிவுகளில் பின்னூட்டம் பாதி சொத்து தம்பி. 1960களின் கால்பந்துக் குழுப் படத்தில் பெரியப்பாவுக்கே பெயர் தெரியாமல் "இடமிருந்து மூன்றாவது யாரோ" என்று விட்டிருந்தார். கிள்ளானிலிருந்து ஒருவர் வந்து "அது என் அப்பா, டிராக்டர் ஓட்டினார்" என்று எழுதியிருப்பார். அந்த வரி வேறு எங்கேயும் கிடையாது.

அப்புறம் படத்தின் அளவு. பதிவில் தெரிவது சிறிய படம். பிளாக்ஸ்பாட்டில் படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தித் தனியாகத் திறந்தால் முகவரியின் நடுவில் எஸ் என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், 320 என்றோ 400 என்றோ. அந்த எண்ணை அழித்துவிட்டு 0 போட்டுத் திறந்தால் பெரியப்பா ஏற்றிய அளவிலேயே வரும். பாட்டியின் முகத்தைப் பெரிதாக்கி அச்சுப் போட வேண்டுமென்றால் இதுதான் வேண்டும். 214 பதிவுக்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை, முக்கியமான படங்களுக்குச் செய்யுங்கள்.

எல்லாப் பதிவையும் ஒரே மூச்சில் இறக்க எச்டிடிராக் என்ற மென்பொருள் இருக்கிறது. 1998லிருந்து இருக்கிற பழைய பொருள், இலவசம். வலைப்பூ முகவரியைக் கொடுத்தால் ஒவ்வொரு இணைப்பாகப் பிடித்துப் போய் இறக்கிக்கொண்டு வரும். இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. வலைப்பூ ஒரு முகவரியில் இருக்கும், படங்கள் கூகுளின் வேறு முகவரியில் இருக்கும். அதனால் அமைப்பில் "இணைப்போடு தொடர்புடைய படங்களையும் எடு" என்ற பொருளில் உள்ள கட்டத்தை டிக் செய்யாவிட்டால் மறுபடியும் வெறும் கட்டம்தான். இரண்டாவது, ஒரே பதிவு மாத வரிசையிலும் வரும், குறிச்சொல் வரிசையிலும் வரும், ஹேண்ட்போன் வடிவிலும் வரும். தளம் "இதைத் தொடாதே" என்று சொல்கிற விதிகளை எச்டிடிராக் இயல்பாகவே மதிக்கும், அதை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் 214 பதிவு 2,000 கோப்பாகி உங்கள் டேட்டாதான் தீரும். ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்பதை 2 என்று வையுங்கள், வேகத்தையும் குறைத்து இரவில் ஓட விட்டுத் தூங்குங்கள்.

கடைசியாக, இதைச் செய்யாமல் "சேமித்தாகிவிட்டது" என்று சொல்லவே கூடாது: ஹேண்ட்போன் இணையத்தை அணைத்துவிட்டு, கோப்புகளை வேறு ஒரு கணினிக்கு மாற்றி, அங்கே திறந்து பாருங்கள். அதே கணினியில் இணையத்தோடு திறந்தால் படம் தளத்திலிருந்தே வந்து உங்களை ஏமாற்றும். அத்தை வீட்டில் நடந்ததை உங்கள் மேசையிலேயே நடத்திப் பார்த்துவிட வேண்டும்.

---

பால்மரத்தடி:

லயன்பிள்ளை தம்பிக்கு, நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 2001 அகப்பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மேலே நன்றாகவே எழுதிவிட்டார்கள்.

பயப்பட வேண்டாம், அது கெட்டுப்போகவில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துமுறை இருந்தது. தஸ்கி, டாப், டாம், பாமினி, இன்னும் எத்தனையோ. நம் நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள்தான் வீட்டுக்கு வீடு, பள்ளிக்குப் பள்ளி. நாங்கள் பள்ளி ஆண்டிதழை அதில்தான் அடித்தோம். அந்த எழுத்துருக்கள் பலவற்றில் பிரெஞ்சு போன்ற ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள் உட்காரும் இடத்தில் தமிழைக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் நீங்கள் பார்த்த பிரெஞ்சு எழுத்தாகத் தெரியும். உள்ளே இருப்பது இரண்டும் ஒன்றே.

இதில் எல்லோரும் செய்கிற தவறு, அந்தக் குழம்பிய எழுத்தை அப்படியே நகலெடுத்து வேர்டில் ஒட்டிச் சேமிப்பது. ஒட்டும்போது சில எழுத்துகள் சத்தமில்லாமல் விழுந்துவிடும். என் மாணவர் ஒருவரின் கவிதைகளை நானே அப்படித் தொலைத்திருக்கிறேன். பக்கம் முழுக்க "ழ" மட்டும் காணாமல் போயிற்று, மூலமும் அதற்குள் இணையத்திலிருந்து போய்விட்டது, ஊகித்து ஊகித்து நிரப்பினேன். இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

ஆகவே முதலில் மூலத்தை மூலமாகவே எடுத்து வையுங்கள். கன்ட்ரோல் எஸ் அழுத்தியதும் வருகிற வகைகளில் "எச்டிஎம்எல் மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது தளம் கொடுத்ததை அப்படியே வைக்கும். வேபேக் மெஷினில் எடுக்கும்போது அவர்கள் பக்கத்தின் தலையில் தங்கள் பட்டையை ஒட்டி, இணைப்புகளையும் மாற்றியிருப்பார்கள். அது வராமல் இருக்க ஒரு வழி உண்டு. முகவரியில் 14 இலக்கத் தேதி எண் இருக்கும் அல்லவா, அதன் வாலில் இடைவெளி விடாமல் ஐ, டி என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்தையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்துத் திறந்தால், பெரியப்பா அன்றைக்கு ஏற்றிய பக்கம் எதுவும் ஒட்டாமல் வரும்.

பிறகு அந்தக் கோப்பின் பிரதியை எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். எந்த எழுத்துமுறை என்று தெரியாவிட்டால் ஒரு வரியை மட்டும் எடுத்து ஒவ்வொரு வகையாகப் போட்டுப் பாருங்கள், "தோட்டம்" என்ற சொல் ஒழுங்காக வந்ததும் பிடிபட்டுவிடும். மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். மாற்றி ஏதாவது பிழை செய்திருந்தால் பத்து வருடம் கழித்துத்தான் யாராவது கண்டுபிடிப்பார்கள், அப்போது ஒத்துப் பார்க்க அதுதான் துணை.

அத்தைக்குக் காட்ட பிடிஎஃப் ஆக்குகிறீர்களா? தாராளமாக ஆக்குங்கள், அச்சுப் போட்டுக் கையில் கொடுங்கள். ஆனால் பிடிஎஃப்பை மட்டும் நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். தமிழ்ப் பிடிஎஃப்பிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுத்தால் பல நேரம் கொம்பும் சுழியும் இடம் மாறி நிற்கும், தேடினாலும் சொல் அகப்படாது.

---

ரவாங்வாசி:

ஒன்று விட்டுப்போயிற்று. கடவுச்சொல் இல்லாவிட்டாலும் பிளாக்ஸ்பாட் வலைப்பூவுக்கு ஓடை என்று ஒன்று உண்டு, செய்தியோடைப் படிப்பான்களுக்காக வைத்தது. பதிவுகளுக்கு ஒன்று, பின்னூட்டங்களுக்கு ஒன்று. முழுப் பதிவையும் காட்டும்படி பெரியப்பா விட்டிருந்தால், தேதியோடு சுத்தமான எழுத்தாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே தடவையில் எல்லாம் தராது, துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். படம் அதில் இணைப்பாக மட்டும்தான் இருக்கும், அதனால் மதர்போர்டு அண்ணன் சொன்னதற்குப் பதிலாக இதைச் செய்யாதீர்கள், இரண்டையும் செய்யுங்கள்.

தள்ளிப் போடாமல் செய்ய வேண்டியதற்குக் காரணமும் இருக்கிறது. 2 வருடம் யாரும் உள்ளே போகாத தனிநபர் கணக்குகளை உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்று கூகுள் 2023ல் விதி கொண்டுவந்தது. கணக்கே போனால் வலைப்பூ என்ன ஆகும் என்று காத்திருந்து பார்க்கிற நிலைமை நமக்கு வேண்டாம். இறந்தவர் கணக்கிலிருந்து தகவலைக் கேட்டு நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கவும் கூகுளில் வழி இருக்கிறது. கடவுச்சொல்லைத் தர மாட்டார்கள், சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் தகவலைத் தருவதா என்று முடிவு செய்வார்கள். பெரியம்மா பெயரில் விண்ணப்பியுங்கள்.

வேபேக் மெஷினிலும் ஒவ்வொரு பதிவு முகவரியையும் "இப்போதே சேமி" கட்டத்தில் போட்டு வையுங்கள், நாளைக்கு உங்கள் கணினிக்கு ஏதாவது ஆனாலும் அங்கே இருக்கும். ஆனால் அதுவும் ஒரு பிரதிதான். 2024 அக்டோபரில் வேபேக் மெஷினை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது தாக்குதல் நடந்து சில நாள் எதையும் திறக்க முடியவில்லை. இலவச அகப்பக்கம் தந்த ஜியோசிட்டீஸ் 2009ல் மூடியபோது நம் ஆட்கள் வைத்திருந்த எத்தனை கோயில் பக்கம், எத்தனை பள்ளிப் பக்கம் போயின என்று யாரும் கணக்குக்கூட எடுக்கவில்லை.

---

லயன்பிள்ளை:

அக்கா, அண்ணன்மார்கள் எல்லோருக்கும் நன்றி. நான்கு இரவு உட்கார்ந்தேன். கோப்புறையில் பாட்டியின் படம் இருந்தது! 0 போட்டுப் பெரிய அளவிலும் எடுத்துவிட்டேன், விளக்கின் கண்ணாடியில் உள்ள கீறல்கூடத் தெரிகிறது. பழைய அகப்பக்கம் தஸ்கிதான், பால்மரத்தடி அக்கா சொன்ன மாதிரி "தோட்டம்" என்று வந்ததும் எழுந்து போய் அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

இப்போது வேறு சிக்கல். சிங்கிள்ஃபைல் பதிவின் தலைப்பையே கோப்புக்குப் பெயராக வைக்கிறது. பெரியப்பா நீளமாகத் தலைப்பு வைப்பவர். விண்டோஸில் எல்லாம் சரியாக இருக்கிறது, தம்பியின் லினக்ஸ் கணினிக்கு மாற்றினால் சில கோப்புகளில் "பெயர் நீளம்" என்று நின்றுவிடுகிறது. எண்ணிப் பார்த்தேன், 100 எழுத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதைவிட நீளமான பெயரெல்லாம் போகிறதே?

---

மதர்போர்டு:

அது தமிழுக்கே உள்ள தொல்லை தம்பி. விண்டோஸ் 255 எழுத்து என்று எண்ணுகிறது. லினக்ஸ் 255 பைட் என்று எண்ணுகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ் எழுத்துக்கு மூன்று. கால், கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்கில் வரும், அதனால் "தோ" என்பதே ஆறு பைட். ஆக 85 எழுத்துக்கு மேல் போனால் லினக்ஸ் வாங்காது. விண்டோஸிலும் கோப்புறைக்குள் கோப்புறை என்று போய்க்கொண்டிருந்தால் முழு வழியும் சேர்ந்து 260 எழுத்தைத் தாண்டும்போது பல மென்பொருள்கள் மக்கர் செய்யும்.

சிங்கிள்ஃபைல் அமைப்பில் பெயரின் வடிவத்தை மாற்றலாம். பதிவின் தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணாக வைத்து, பின்னால் இரண்டே ஆங்கிலச் சொல் போதும். வரிசையாகவும் நிற்கும். தமிழ்த் தலைப்பு கோப்புக்குள்ளேயே இருக்கிறதே, எங்கும் போகாது.

பிரதிகள் விஷயம். பென்டிரைவ் எடுத்துக்கொண்டு போய்க் காட்டத்தான், வருடக்கணக்கில் போட்டு வைக்க அல்ல. ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட்டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டில். அந்த வெளி ஹார்ட்டிஸ்கை எப்போதும் கணினியில் செருகியே வைத்திருக்காதீர்கள். நம் பக்கத்து மழைக்கால இடி உங்களுக்குத் தெரியும். மத்தியானம் இடித்தால் மறுநாள் காலையில் பசியாறிவிட்டுக் கடையைத் திறக்கும்போதே வாசலில் இரண்டு மூன்று பேர் எரிந்த கணினியோடு நிற்பார்கள். ஒரு முறை ஒரு வாடிக்கையாளருக்குக் கணினியும் அதில் மாட்டியிருந்த பிரதியும் ஒரே இடியில் போயிற்று, மகள் திருமணப் படம் முழுக்க. பிரதி எடுத்ததும் கழற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு போட்டு அலமாரியில் வையுங்கள். பொங்கலுக்குப் பொங்கல் எடுத்துச் செருகி, நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள்.

---

பால்மரத்தடி:

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வைத்துப் படிக்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் புதுத் தளம் ஒன்றில் மறுபடியும் ஏற்றுவதாக இருந்தால், எழுத்தின் உரிமை இப்போது பெரியப்பாவின் வாரிசுகளுக்கு, பெரியம்மாவிடமும் பிள்ளைகளிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னூட்டம் எழுதியவர்கள் சிலர் வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் போட்டிருப்பார்கள், அந்தக் காலத்தில் அப்படித்தான் ஒருவரை ஒருவர் தேடினோம். ஏற்றும்போது அவற்றை எடுத்துவிடுங்கள், உங்கள் பிரதியில் மட்டும் இருக்கட்டும்.

---

லயன்பிள்ளை:

பெயர்களை மாற்றிவிட்டேன், லினக்ஸிலும் எல்லாம் திறக்கிறது. பெரியம்மாவிடமும் பேசினேன், "அவர் ஊருக்காகத்தானே எழுதினார், போடு" என்றார். ஒரு ஹார்ட்டிஸ்க் அடுத்த வாரம் தைப்பிங்கில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகிறது.

நேற்று அத்தை வீட்டுக்கு மடிக்கணினியை எடுத்துப் போனேன். பாட்டியின் படத்தைத் திரை முழுக்கப் போட்டதும் அத்தை விரலை வைத்து, "பின்னால் கொடியில் காயுது பார், அது என் பள்ளிக்கூடச் சட்டை" என்றார். பெரியப்பா எழுதியதில் அது இல்லை. படத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புக் கோப்பு வைத்து அத்தை சொன்னதை அப்படியே அடித்து வைத்திருக்கிறேன், இனி ஒவ்வொரு படத்துக்கும் அவரிடம் கேட்டு எழுதப் போகிறேன்.

214ல் 205 பதிவுகள் முழுதாக வந்துவிட்டன. 9 பதிவுகளில் மட்டும் படம் எங்கேயும் இல்லை. அவற்றைப் பெரியப்பா வேறு ஒரு படத்தளத்தில் ஏற்றி இணைப்பு மட்டும் கொடுத்திருக்கிறார், அந்தத் தளம் இப்போது இல்லை, வேபேக் மெஷினிலும் அகப்படவில்லை. 2009, 2010ல் போட்ட தீமிதிப் படங்களும் பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்களும்தான் அவை. அந்த நேரத்தில் அவருடைய வலைப்பூவைப் படித்தவர்கள் யாராவது ஒரு படத்தையாவது தங்கள் கணினியில் இறக்கி வைத்திருந்தால், பழைய ஹார்ட்டிஸ்க், குறுந்தட்டு எதில் இருந்தாலும் பரவாயில்லை, இங்கே ஒரு வரி எழுதுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.